ஆண்களுக்கும் ஒரு மறைப்பு வேண்டும்



இந்தப் பக்கத்தில் நாம் வழக்கமாகக் காணி, உரம், மரக்கறி விலை, கடன் என்பவற்றைப் பற்றியே பேசுவதுண்டு. இம்முறை, வீட்டுக்குள்ளும் யாரும் வாய்திறந்து பேசாத ஒரு விடயத்தை எடுத்துக்கொள்கிறோம். ஆண்களின் மறைவான உறுப்பில் வரும் கட்டி, புண், அரிப்பு, நாற்றம் ஆகியவற்றைப் பற்றியும், அந்த உறுப்பைச் சுத்தமாக வைத்திருப்பதைப் பற்றியும் எழுதுகிறோம். படிக்கத் தொடங்கியதும் சிலர் முகம் சுளிக்கலாம். வீடு இழந்து, தோட்டம் இழந்து நிற்கிறவனிடம் பேச வேண்டிய பேச்சா இது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்லவே இதை எழுதுகிறோம்.

வலப்பனைப் பக்கத்து மக்களுக்கு மண்சரிவு புதிதல்ல. 2007 ஜனவரியில் வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தவிலும் மலை இறங்கியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கொட்டிய மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் எத்தனையோ இடங்களில் மண் சரிந்தது. கோவாவும் லீக்ஸும் போஞ்சியும் போட்டிருந்த பாத்திகள் மண்ணோடு போயின. லயங்களும் போயின. பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் உறவினர் வீடுகளிலும் குடும்பங்கள் ஒண்டிக்கொண்டன.

அப்படி ஒரு கட்டடத்தில் தங்கியிருந்தவர்களைப் பார்க்க நாம் போயிருந்தோம். அரிசி, பாய், பிள்ளைகளின் கொப்பி பற்றிய பேச்சு முடிந்து புறப்படும்போது, நடுத்தர வயதுள்ள ஒரு விவசாயி பாதை வரைக்கும் கூடவே வந்தார். மழையைப் பற்றிப் பேசினார், உரத்தைப் பற்றிப் பேசினார். மற்றவர்கள் பின்தங்கிய பிறகுதான் விடயத்துக்கு வந்தார். "அய்யா, சொல்ல வெக்கமா இருக்கு. அந்த எடத்துல வீக்கமா இருக்கு. தோலு பின்னுக்கு வர மாட்டேங்குது. மூணு மாசமா இப்பிடித்தான். வீட்டுல கூடச் சொல்லல" என்றார். புற்றுநோய் என்று தானே முடிவு கட்டியிருந்தார். கடையில் வாங்கிய கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்து தினமும் ஊற்றிக் கழுவி வந்தார். அதனால் தோல் வெந்து, எரிச்சல் இன்னும் கூடியிருந்தது.

அவரை அரச வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனோம். வைத்தியர் பார்த்துவிட்டு முதலில் இரத்தத்தில் சீனியைப் பார்க்கச் சொன்னார். சீனி மிகவும் கூடியிருந்தது. தனக்குச் சீனி வருத்தம் இருப்பது அன்றுவரை அவருக்குத் தெரியாது. சீனிக்கு மாத்திரையும், பூசுவதற்குப் பூஞ்சைக்கான களிம்பும் கொடுத்தார்கள். சில வாரங்களில் வீக்கம் வடிந்தது. புற்றுநோய் இல்லை. ஆனால் அவர் இன்னும் ஒரு வருடம் வெட்கப்பட்டிருந்தால், அந்தச் சீனி கண்ணையோ காலையோ சிறுநீரகத்தையோ பிடித்திருக்கும்.

இவர் ஒருவருடைய கதை மட்டும் என்று நாம் நினைக்கவில்லை.

பீலிக்கரையில் யாருக்கு மறைப்பு?

தோட்டத்தில் குளிப்பு என்றால் பீலிதான். பெண்கள் குறுக்குக் கட்டிக் குளிப்பார்கள், ஆண்கள் சாரத்தோடு நின்று நாலு வாளி ஊற்றிக்கொள்வார்கள். பெண்களுக்கு மறைப்பு வேண்டும் என்று இப்போது எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள். அது நல்லது. ஆனால் ஆண் என்றால், "ஆம்பளைக்கு என்ன மறைப்பு?" என்று சிரித்துவிடுகிறோம். அதன் விளைவு என்ன? மனிதன் குளிக்கிறான், ஆனால் சாரத்துக்குள் இருக்கும் இடம் நனைகிறதே தவிரச் சுத்தமாவதில்லை. நாலு பேர் பார்க்கிற இடத்தில் முன்தோலைப் பின்னிழுத்துக் கழுவ யாரால் முடியும்?

இடம்பெயர்ந்து தங்கும் இடத்தில் நிலைமை இன்னும் மோசம். ஒரு குழாய், நீண்ட வரிசை, பின்னால் நிற்பவரின் அவசரம். குளிரும் சேர்ந்துகொள்கிறது. ஈர உடுப்பு காய்வதில்லை. அதே சாரத்தை மூன்று நாள் உடுக்கிறோம். இப்படியிருக்க, "ஆண்கள் சுத்தமில்லாதவர்கள்" என்று பழி சொல்வது நியாயமில்லை.

குற்றம் தோலில் இல்லை

இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு கேள்வியும் எழுகிறது. இஸ்லாமியச் சகோதரர்கள் சுன்னத்துச் செய்கிறார்கள், வேதாகமத்தில் விருத்தசேதனம் என்று வருவதும் அதுதான். நமக்கு அது செய்யாததால்தான் இந்த நோயெல்லாம் வருகிறதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். சிலர் ஊருக்கு ஊர் மருந்து விற்பவனிடம் போய் வெட்டிக்கொள்ளவும் நினைக்கிறார்கள்.

முன்தோல் இருப்பது நோயல்ல. அது உடலின் ஒரு பாகம். உலகத்து ஆண்களில் பெரும்பாலானோர் முன்தோலோடுதான் வாழ்கிறார்கள். அதன் அடியில் வெள்ளையாக, மாவுபோல ஒரு படிவு சேரும். உதிர்ந்த தோலும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து உண்டாவது அது. அதுவே நோயாகாது; ஆனால் கழுவாமல் நாட்கணக்கில் விட்டால் நாற்றம், அரிப்பு, அழற்சி வரும்.

பழைய சரித்திரம் ஒன்றைச் சொல்கிறோம். 1775இல் பேர்சிவல் பொட் என்ற ஆங்கிலேய அறுவை வைத்தியர், இலண்டனில் புகைபோக்கி துடைக்கும் தொழிலாளருக்கு விதைப்பையில் புற்றுநோய் வருவதைக் கண்டு எழுதினார். சிறு பையன்களாயிருக்கும்போதே அவர்களைப் புகைபோக்கிக்குள் ஏற்றினார்கள். கரி விதைப்பையின் சுருக்கங்களில் படிந்தது, கழுவ வசதியில்லை. ஒரு தொழிலால் புற்றுநோய் வருகிறது என்று உலகம் முதலில் அறிந்தது அப்போதுதான். 1892இல் ஹென்றி பட்லின் என்ற இன்னொரு வைத்தியர் ஐரோப்பாவின் மற்ற நாடுகளைப் பார்த்தார். அங்கேயும் அதே தொழில், அதே கரி. ஆனால் அங்கிருந்த தொழிலாளர் உடலை மூடும் உடுப்பு அணிந்தார்கள், வேலை முடிந்ததும் குளித்தார்கள். அவர்களுக்கு அந்த நோய் அரிதாகவே வந்தது. உடல் ஒன்றுதான். வித்தியாசம் தண்ணீரிலும் உடுப்பிலும் இருந்தது.

ஆண்குறியில் வரும் புற்றுநோய் அரிதானது. அவற்றில் ஏறத்தாழப் பாதிக்கு மனித பப்பிலோமா வைரசு தொடர்புடையது. பெண்களின் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமானதும் அதே வைரசுதான். ஹரால்ட் சூர் ஹவுசன் என்ற ஜேர்மன் விஞ்ஞானி 1983இல் இதன் ஒரு முக்கிய வகையைக் கண்டறிந்தார். 2008இல் நோபல் பரிசு பெற்றார். இலங்கையில் 2017 முதல் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு இதற்கான தடுப்பூசி பாடசாலையிலேயே இலவசமாகப் போடப்படுகிறது. உங்கள் மகளுக்கு அந்த ஊசியைத் தவறவிடாதீர்கள். புகைபிடித்தல், பின்னுக்கு வராத இறுக்கமான முன்தோல், நெடுநாள் ஆறாத அழற்சி ஆகியவையும் ஆண்குறிப் புற்றுநோய்க்கு வழிவிடுகின்றன. சுத்தமும், பீடி சுருட்டை விடுவதும், நேரத்தோடு வைத்தியரைக் காண்பதும் நம் கையில் இருக்கின்றன.

உலக சுகாதார நிறுவனம் 2007இல் சுன்னத்தைப் பரிந்துரைத்தது உண்மை. எச்.ஐ.வி. மிக அதிகமாகப் பரவியிருந்த ஆபிரிக்க நாடுகளுக்காகவே அப்படிச் சொன்னது. இலங்கையில் எச்.ஐ.வி. மிகக் குறைவு. ஆகவே அந்தக் காரணத்தை வைத்து நம்மூரில் எல்லோரும் வெட்டிக்கொள்ளத் தேவையில்லை. தோல் மிக இறுக்கமாக இருந்தாலோ, அழற்சி திரும்பத் திரும்ப வந்தாலோ, வைத்தியர் முதலில் களிம்பு தருவார். அதற்கும் சரிவராவிட்டால் வைத்தியசாலையில் செய்யும் சிறிய சத்திரசிகிச்சை அது. சவர அலகோடு வருபவனிடம் போகவேண்டாம்.

பையன்களின் தோலை இழுக்காதீர்கள்

பாட்டிமாரிடமும் தாய்மாரிடமும் ஒரு வேண்டுகோள். ஆண்குழந்தை பிறக்கும்போது முன்தோல் மொட்டோடு ஒட்டியே இருக்கும். அது இயற்கை. குளிப்பாட்டும்போது எண்ணெய் போட்டு வலுவாகப் பின்னிழுத்தால் தோல் கிழியும். கிழிந்த இடம் தழும்பாகி, பிறகு உண்மையாகவே இறுகிவிடும். 1949இல் இங்கிலாந்தில் டக்ளஸ் கெயர்ட்னர் என்ற குழந்தை வைத்தியரும், 1968இல் டென்மார்க்கில் யாக்கொப் ஓஸ்டர் என்ற வைத்தியரும் இதை ஆராய்ந்து எழுதினார்கள். வயது ஏற ஏற ஒட்டல் தானாகவே விடுகிறது. பதினேழு வயதளவில் நூற்றில் ஒருவருக்கே இறுக்கம் மிஞ்சுகிறது என்று ஓஸ்டர் கண்டார். சிறுவனுக்கு வெளிப்புறத்தை மட்டும் கழுவினால் போதும். தோலுக்கடியில் வெள்ளை முத்துப்போல ஏதாவது தெரிந்தால் அது பெரும்பாலும் சேர்ந்த படிவுதான். தானே வெளியே வரும். சிறுநீர் கழிக்க அழுதாலோ, தோல் சிவந்து வீங்கினாலோ, சீழ் வந்தாலோ வைத்தியரிடம் காட்டவேண்டும்.

எந்தக் கட்டிக்குப் பயப்பட வேண்டும்?

கையில் ஏதோ தட்டுப்பட்டதும் மனம் கெட்டதையே நினைக்கும். ஆகவே வகைபிரித்துச் சொல்கிறோம்.

மொட்டின் விளிம்பைச் சுற்றி வரிசையாக, ஒரே அளவில், நோவில்லாத சின்ன மணிகள் பல ஆண்களுக்கு இருக்கும். தண்டின் தோலில் வெளிர் மஞ்சள் புள்ளிகளும் இருக்கும். இவை நோயல்ல, தொற்றுவதுமில்லை. கிள்ளவோ சுண்ணாம்பு வைக்கவோ வேண்டாம்.

இரவில் கூடுதலாக அரிக்கும் சிவந்த முடிச்சுகள் ஆண்குறியிலும் விதைப்பையிலும் வந்து, விரலிடுக்கிலும் இடுப்பிலும் அரிப்பு இருந்தால், அது சிரங்கு. நெருக்கமாகத் தங்கும் இடங்களில் இது வேகமாகப் பரவும். ஒருவர் மட்டும் மருந்து போட்டால் போகாது. ஒரே அறையில் படுக்கும் எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூசி, உடுப்பையும் படுக்கை விரிப்பையும் சுடுநீரில் அலசி வெயிலில் காயப்போடவேண்டும்.

மொட்டும் முன்தோலும் சிவந்து, வெள்ளையாகப் படிந்து, வெடிப்பு விட்டு எரிந்தால், பூஞ்சையாக இருக்கலாம். இது வந்தவர் கட்டாயம் சீனி பார்க்கவேண்டும். சீனிக்குத் தரப்படும் சில புதிய மாத்திரைகள் சீனியைச் சிறுநீரோடு வெளியேற்றுவதால், அவற்றைப் பாவிப்பவருக்கும் இது வரலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பூக்கோவாபோலக் கொத்தாக வளரும் பரு, நோவில்லாத புண், கொப்புளம், சீழ் வடிதல் ஆகியவை பாலியல் தொற்றாக இருக்கலாம். நோவில்லாத புண் சிபிலிசின் அடையாளமாகவும் இருக்கலாம். அது தானே ஆறினாலும் நோய் உடலுக்குள் இருக்கும். ஊசி மருந்தால் குணமாக்கலாம். மனைவிக்கும் சேர்த்துச் சிகிச்சை பெறவேண்டும்.

மொட்டிலோ முன்தோலின் உட்பக்கத்திலோ சில வாரங்களாகியும் ஆறாத புண், தடித்து வளரும் கட்டி, இரத்தக் கசிவு ஆகியவை இருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். ஆரம்பத்தில் பிடித்தால் உறுப்பைக் காப்பாற்றலாம்.

விதையில் நோவில்லாத கடினமான கட்டி இருந்தால் இளைஞர்கள் கவனிக்கவேண்டும். விதைப் புற்றுநோய் கூடுதலாக வருவது 15 முதல் 40 வயதுக்குள்தான். நேரத்தோடு வந்தால் பெரும்பாலும் முழுக்கக் குணமாகும். மாதம் ஒருமுறை குளித்த பின் இரண்டு விதைகளையும் விரலால் மெல்ல உருட்டிப் பார்க்கப் பழகுங்கள். கொழுந்து மூட்டை, உர மூட்டை தூக்குபவருக்குக் கவட்டில் வந்து போகும் வீக்கம் குடலிறக்கமாக இருக்கலாம். அதையும் காட்டவேண்டும்.

உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டியவை மூன்று. பையனுக்கோ இளைஞனுக்கோ விதையில் திடீரென்று கடும் நோவு வந்து வாந்தியும் எடுத்தால், விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம்; ஆறு மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் விதை அழுகிவிடக்கூடும். பின்னுக்கு இழுத்த முன்தோல் முன்னுக்கு வராமல் மொட்டை இறுக்கி வீங்கினால் இரண்டாவது. உள்ளே தள்ள முடியாதபடி இறுகி நோகும் குடலிறக்கம் மூன்றாவது. இரவென்றும் மழையென்றும் பார்க்கக் கூடாது.

ஒரு கோப்பைத் தண்ணீர்

கழுவும் முறை எளிது. கையைக் கழுவுங்கள். முன்தோலை மெதுவாக, நோகாத அளவுக்குப் பின்னிழுத்து, வெறும் தண்ணீரால் மொட்டையும் அதன் விளிம்பையும் அலசுங்கள். சவர்க்காரம் பாவித்தால் மென்மையானதைக் கொஞ்சமாகப் போட்டு, நன்றாக அலசிவிடுங்கள். துணியால் ஒற்றிக் காயவையுங்கள். பிறகு மறக்காமல் தோலை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். நாளுக்கு ஒருமுறை போதும். இதற்கு ஒரு கோப்பைத் தண்ணீர் காணும். கிருமிநாசினி, சலவைத்தூள், எலுமிச்சை, உப்பு எதுவும் வேண்டாம்.

மருந்தடிக்கும் விவசாயிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. விதைப்பையின் தோல், கையின் தோலைவிடப் பல மடங்கு வேகமாக மருந்தை உறிஞ்சும். தொட்டி ஒழுகிக் கால்சட்டை நனைந்தால் அப்படியே வேலை செய்யாமல் உடனே கழற்றிக் கழுவுங்கள். சிறுநீர் கழித்த பிறகு கை கழுவுகிறோம். மருந்தடிக்கிற நாளில் சிறுநீர் கழிப்பதற்கு முன்னும் கழுவவேண்டும்.

நாம் கேட்பது

இப்போது முதற் கேள்விக்கு வருவோம். வீடில்லாதவனிடம் இதை ஏன் பேசவேண்டும்? ஏனென்றால் வீடில்லாமையின் ஒரு பகுதிதான் இது. பேரிடர் நிவாரணத்துக்கு உலகம் ஏற்றுக்கொண்ட ஸ்பியர் அளவுகோல், ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீரும் 20 பேருக்கு ஒரு மலசலகூடமும் வேண்டும் என்கிறது. இது தருமமல்ல, குறைந்தபட்ச உரிமை. தங்குமிடங்களைப் பார்வையிட வரும் அதிகாரிகளிடம் இந்தக் கணக்கைத் தயங்காமல் கேளுங்கள். அதோடு கதவுள்ள குளிக்கும் அறை பெண்களுக்குத் தனியாகவும் ஆண்களுக்குத் தனியாகவும் வேண்டும். தகரமும் நாலு கம்பும் ஒரு கொக்கியும் இருந்தால் இளைஞர்களே ஒரு நாளில் கட்டிவிடலாம். புதிய வீடுகளுக்கு வரைபடம் போடும்போது, குளிப்பது பீலியில்தானே என்று விட்டுவிடாமல், குளிக்கும் அறையையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நம் நாட்டில் கர்ப்பிணித் தாய்மாருக்கு சிபிலிசுக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தம் பார்க்கிறார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு இந்த இரண்டு நோய்களும் பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. தாய்மார் கிளினிக்குக்குப் போனதால் வந்த வெற்றி அது. குடும்பநல உத்தியோகத்தர் வீடுதேடி வருவதும் அவர்களைத்தான். ஆண்களைத் தேடி யாரும் வருவதில்லை, ஆண்களும் போவதில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தங்குமிடங்களுக்கு வரும்போது, ஆண்களை மட்டும் கூட்டி ஒரு மணித்தியாலம் இதைப் பற்றித் தமிழில் பேசவேண்டும் என்று சுகாதார வைத்திய அதிகாரியிடம் கேட்போம். பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பார்ப்பது இலவசம், இரகசியமும் காக்கப்படும்.

மொழியும் ஒரு தடைதான். இத்தனை வெட்கமான விடயத்தைத் தெரியாத மொழியில் சொல்ல நேருமே என்று பயந்தே பலர் திரும்பிவிடுகிறார்கள். நமது கிராமக் குழுக்கள், சிங்களம் எழுதத் தெரிந்த ஒருவரைக்கொண்டு "எனக்கு மறைவிடத்தில் வருத்தம், தனியாகக் காட்டவேண்டும்" என்று துண்டுகளில் எழுதி வைத்திருக்கலாம். அதைக் கொடுத்தால் போதும்.

பெண்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். உங்கள் கணவரோ வளர்ந்த மகனோ இப்படி ஒன்றைச் சொன்னால், உடனே அவர் நடத்தையைச் சந்தேகிக்காதீர்கள். மேலே சொன்னவற்றில் பாதிக்குமேல் நடத்தையோடு சம்பந்தமில்லாதவை. சீனியாலும் ஈரத்தாலும் சிரங்காலும் வருபவை. திட்டினால் மறைப்பார். மறைத்தால் நோய் வளரும்.

பாதை வரைக்கும் வந்து பேசிய அந்தச் சகோதரர் இப்போது சுகமாயிருக்கிறார். மாதாமாதம் சீனிக் கிளினிக்குக்குப் போகிறார். அவர் அன்று நம்மிடம் கேட்டது மருந்தைக்கூட அல்ல, "இதையெல்லாம் யாருகிட்டப் போயி சொல்றது?" என்றுதான் கேட்டார். அவரைப்போல இன்னொருவர் உங்கள் பக்கத்துப் பாயில் படுத்திருக்கலாம். இந்தப் பக்கத்தை வாசித்து முடித்ததும் அவருக்குக் கொடுங்கள். வாசிக்கத் தெரியாதவரானால், ஆண்கள் சேர்ந்திருக்கும் நேரத்தில் ஒருவர் வாசித்துக் காட்டுங்கள்.